வேறு தொந்தரவுகள்: இல்லை

பிப்ரவரி 9, வியாழன்

காலையிலேயே என் வாயைக் கிளறிவிட்டார்கள். பெண்கள் வார்டிலிருந்து மூன்று சதைத் துண்டுகள் வந்தன. மூன்று படிவங்களிலும் பெயரும் வயதும் தவிர ஓர் எழுத்து கிடையாது. என்ன வலி, எத்தனை நாளாக, வேறு என்ன தொந்தரவு, எல்லாம் வெள்ளை. திருப்பி அனுப்பினேன். நர்ஸ் போனில் எகிறினாள். "வெறும் ஸ்லைடைப் பாத்து டாக்டர் ஜோசியமா சொல்லுவாங்க? முழுசா எழுதி அனுப்பு" என்று வைத்துவிட்டேன். இந்த ஆய்வகத்தில் பதினாறு வருஷமாகச் சதையை வெட்டிச் சாயம் போடுகிறேன். படிவ விஷயத்தில் எனக்கு ராட்சசி என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.

பதினொரு மணிக்குத் தம்பி வந்தான். லிஃப்ட் மெக்கானிக் உடுப்பு, கையெல்லாம் கிரீஸ். கழுத்தில் வலப்பக்கம் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி. "ஷேவ் பண்றப்ப கையில தட்டுச்சு. நீ இருக்கிற ஆஸ்பத்திரிதானே, வரிசையில நிக்காம காட்டிடலாம்னு வந்தேன்" என்றான். வந்ததும் முதலில் கேட்டது கழிப்பறை எங்கே என்று. அது பத்து வருஷக் கதை. ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை போவான். குடல் கோளாறு, நரம்பு, பயம் என்று ஆளுக்கொன்று சொல்லி மாத்திரை கொடுத்தாயிற்று. அவன் அதை வைத்தே எல்லோரையும் சிரிக்க வைப்பான். "லிஃப்ட் நடுவுல நின்னா மத்தவங்க கடவுளைக் கூப்பிடுவாங்க. நான் பக்கெட்டைக் கூப்பிடுவேன்."

டாக்டரம்மா, எங்கள் ஆய்வகத்தில் ஸ்லைடு பார்த்து நோய் சொல்பவர், அவரே கட்டியில் ஊசி போட்டு உறிஞ்சிக் கொடுத்தார். நான்கு ஸ்லைடுகளில் தீற்றினேன். இரண்டுக்குச் சாயம் போட்டேன். மீதி இரண்டு என் டிராயரில். படிவத்தையும் நானே எழுதினேன். 'வேறு தொந்தரவுகள்' என்ற இடத்தில் பேனா நின்றது. பக்கத்து மேஜைக்காரர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் வயிற்றுக் கதையை எழுதினால் ஆறு மாதத்துக்கு அதைச் சொல்லியே என்னை ஓட்டுவார்கள். கழுத்துக் கட்டிக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்? 'இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 10

சாதாரண வீக்கமாம். தைராய்டுக்குள் எப்போதும் இருக்கும் இளஞ்சிவப்புக் கூழ்தான் நிறையத் தெரிகிறது என்றார் டாக்டரம்மா. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்தால் போதும். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தம்பிக்குப் போன் செய்தேன். "கூழா? அதான் பசிக்கவே மாட்டேங்குது" என்றான்.

மே 21, ஞாயிறு

தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். சட்டை தோளிலிருந்து தொங்குகிறது. அவன் மனைவி பள்ளிக்கூட டீச்சர். "சாப்பாடு மட்டும் குறையல அக்கா, எங்க போகுதுன்னுதான் தெரியல" என்றாள். "எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும்" என்றான் இவன். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அவர்களுடைய ஆறு வயதுப் பெண், வாலு என்றுதான் வீட்டில் கூப்பிடுவது, அப்பாவின் கழுத்துக் கட்டியைத் தொட்டு 'பட்டன்' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 17

ஆறு மாதம் தாண்டிவிட்டது, வாடா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன். புதுக் கட்டடத்தில் எட்டு லிஃப்ட், மூச்சு விட நேரமில்லையாம். விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 12, செவ்வாய்

இதை எழுதக் கை வரவில்லை.

மதியம் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார். வேறு ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து மறு பார்வைக்கு வந்த ஸ்லைடு. இரண்டு பேர் சேர்ந்து பார்க்கும் மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொருவராக உட்காரவைத்துக் காட்டினார். நான் உட்கார்ந்தபோது சொன்னது அப்படியே காதில் நிற்கிறது.

"இந்த இளஞ்சிவப்பைப் பாருங்க. கூழ் மாதிரியே இருக்குல்ல? கூழ் இல்ல, அமிலாய்டு. இது தைராய்டுல வர்ற வேற ஜாதிப் புத்து, மெடுல்லரின்னு பேரு. ரொம்ப அபூர்வம். ஸ்லைடை மட்டும் பாத்தா யாரா இருந்தாலும் ஏமாறலாம். இந்த ஆளுக்கு வருஷக் கணக்கா வயித்தால போகுதுன்னு படிவத்துல யாரோ எழுதியிருந்தாங்க. அதான் பிடிச்சேன். கழுத்துல கட்டி, கூடவே வயித்தால போகுதுன்னா உடனே இது ஞாபகம் வரணும்."

எழுந்திருக்க முடியவில்லை. அடுத்தவள் என்னைத் தட்டினாள். கண் வலிக்கிறது என்று சொல்லிக் கழிப்பறையில் போய் நின்றேன். ஏழு மாதம். ஏழு மாதமாக அந்த 'இல்லை' என் கையெழுத்தில் கோப்பில் இருக்கிறது. மற்றவர்களை எல்லாம் விரட்டினாயே, உன் வீட்டுப் படிவத்தில் மட்டும் என்னடி வெட்கம் உனக்கு?

செப்டம்பர் 13

மதிய இடைவேளையில் எல்லோரும் சாப்பிடப் போனதும் டிராயரைத் திறந்தேன். உபரி ஸ்லைடுகள் இரண்டும் இருந்தன. அமிலாய்டைக் காட்டிக் கொடுக்கும் சிவப்புச் சாயம் ஒன்று உண்டு. அதைப் போட்டு ஒரு தனி வடிகட்டி வழியாகப் பார்த்தால் அமிலாய்டு மட்டும் பச்சையாக மின்னும். வெறும் கூழ் மின்னாது. போட்டேன். ஒரு ஸ்லைடு கைதவறி உடைந்தது. இரண்டாவதை மைக்ராஸ்கோப்பில் வைத்து வடிகட்டியைத் திருப்பினேன்.

பச்சை. எங்கே நகர்த்தினாலும் பச்சை.

கடவுளே, என் கண் பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பதினாறு வருஷத்தில் என் கண்ணைப் பொய் சொல்லச்சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 14

டாக்டரம்மாவின் அறைக் கதவைச் சாத்திவிட்டு ஸ்லைடையும் படிவத்தையும் மேஜையில் வைத்தேன். அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "யாரோடது?"

"என் தம்பியோடது. பிப்ரவரில நீங்கதான் ஊசி போட்டீங்க. பத்து வருஷமா அவனுக்கு வயித்தால போகுது டாக்டர். நான்தான் எழுதல."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாத்துச் சொன்னவ நான். பழியை நீங்க மட்டும் தூக்கிட்டுப் போகாதீங்க" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எழுதியிருந்தா யோசிச்சிருப்பேன்" என்றார்.

எண்ணிப் பார்த்தால் இரண்டே வார்த்தை. நாள் முழுக்க அதுவே ஓடுகிறது.

செப்டம்பர் 15, வெள்ளி

தம்பி வேலை செய்யும் கட்டடத்துக்கே போனேன். பதினோராவது மாடிக்கு மேலே மோட்டார் அறை. கம்பிக் கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். "என்னக்கா, லிஃப்ட் பழுதா?" என்றான். பழைய ஸ்லைடை மறுபடி பார்த்தோம், சந்தேகமாக இருக்கிறது, ரத்தம் கொடுக்க வா என்றேன்.

"புத்தா?"

"இருக்கலாம்டா."

கந்தல் துணியில் விரல் விரலாகத் துடைத்தான். "வாலு அடுத்த வருஷம் ரெண்டாம் வகுப்பு" என்றான். படிவத்தைப் பற்றிச் சொல்லத்தான் போனேன். சொல்லாமலே இறங்கி வந்தேன். கோழை.

செப்டம்பர் 22

கால்சிடோனின் என்று ஒன்று ரத்தத்தில். இந்தப் புற்று சுரப்பது. பத்துக்குள் இருக்க வேண்டும். அவனுக்கு 3,960. புள்ளி எங்காவது விட்டுப் போயிருக்கிறதா என்று நான் பரிசோதனைக் கூடத்துக்கே போன் செய்து கேட்டேன். இல்லையாம்.

இந்தச் சுரப்புதான் வயிற்றையும் கலக்கிக்கொண்டிருந்திருக்கிறது. பத்து வருஷமாக நோய் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

செப்டம்பர் 24, ஞாயிறு

அம்மாவிடம் இன்று சொன்னேன். என்னோடுதான் இருக்கிறாள், எத்தனை நாள் மறைப்பது. இது சில குடும்பங்களில் வழிவழியாக வருமாம், அப்பாவுக்கு ஏதாவது இருந்ததா என்று கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

"யார் வீட்டுக்குப் போனாலும் மொதல்ல கொல்லைப் பக்கம் எங்கன்னுதான் கேப்பாரு. சட்டைக் காலரை மூச்சு முட்ற மாதிரி மேல வரைக்கும் பூட்டுவாரு. கழுத்துல வீக்கம், பாக்க அசிங்கமா இருக்குன்னு."

அப்பா போனது நாற்பத்தேழு வயதில். எனக்குப் பன்னிரண்டு, தம்பிக்கு எட்டு. ஈரலில் கட்டி என்றார்கள். திருட்டுத்தனமாகக் குடித்திருப்பார் என்று உறவுக்காரர்கள் எல்லோரும் பேசினார்கள். அம்மாவும் நம்பினாள். கடைசி மாதம் முழுக்க அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"அப்ப அவரு குடிக்கலியா?" என்று இன்று என்னைக் கேட்டாள். இந்தப் புற்று ஈரலுக்குப் போகும் அம்மா, அவர் குடித்திருக்கமாட்டார் என்றேன். மடித்த சேலையை மறுபடி உதறி, மறுபடி மடித்தாள்.

அக்டோபர் 6

ஸ்கேன். கழுத்தில் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருக்கிறது. ஈரலில் மூன்று சின்னப் புள்ளிகள்.

ஈரலில்.

சர்ஜனைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். பிப்ரவரியிலேயே பிடித்திருந்தால் இந்தப் புள்ளிகள் இருந்திருக்குமா? "இது மெதுவா வளர்ற ஜாதி. அப்பவே இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார். மூன்று விதமாகக் கேட்டேன். மூன்று தடவையும் அதே பதில். "ஆமா, உன்னாலதான்" என்று யாராவது சொல்லித் தொலைத்தால் என்ன? "உன்னால இல்ல" என்றாவது சொல்லக் கூடாதா? நடுவில் தொங்கவிட்டுப் போகிறார்கள்.

அக்டோபர் 19

ஏழு மணி நேரம் ஆபரேஷன். தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "நீங்க மட்டும் மறுபடி பாக்கலன்னா என்ன ஆயிருக்கும் அக்கா" என்றாள். கையை உருவிக்கொண்டு தண்ணீர் வாங்கப் போவதுபோல் எழுந்து போனேன்.

நவம்பர் 8

ஆபரேஷனுக்குப் பிறகு கால்சிடோனின் எண் 710. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். ஈரலில் இருப்பது அங்கேயேதான் இருக்கிறது. வளர்ச்சியை நிறுத்திவைக்க மாத்திரை இருக்கிறதாம். நிறுத்திவைக்க. குணமாக்க என்று ஒருவரும் சொல்லவில்லை.

அவன் குரல் போய்விட்டது. குரல் நரம்பைப் புற்று சுற்றிக்கொண்டிருந்ததாம். காற்று மட்டும் வருகிறது. அந்தக் காற்றிலும், "இனிமே பொண்டாட்டிகிட்ட எதிர்த்துப் பேசவே முடியாது" என்றான்.

இது பரம்பரையாக வந்ததா என்று மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். அவன், நான், வாலு. பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

நவம்பர் 29, புதன்

தம்பிக்கு இருக்கிறது. வாலுவுக்கு இருக்கிறது.

எனக்கு இல்லை.

எனக்கு வந்திருக்கலாமே. கல்யாணம் இல்லை, குழந்தை இல்லை, போனால் ஒரு டிராயர் காலியாகும். விதி எதை யாரிடம் கொண்டுபோய் வைக்கிறது பாரு.

நவம்பர் 30

சொல்லிவிட்டேன்.

அவன் வீட்டுக் கூடத்தில். வாலு பள்ளிக்கூடம் போயிருந்தாள். பிள்ளைக்கு இன்னும் புற்று வந்திருக்காது, தைராய்டை முன்னாடியே எடுத்துவிட்டால் வராமலே தடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதை எல்லாம் பேசி முடித்தோம். என் பையிலிருந்து படிவத்தின் நகலை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். "வயித்தால போறதை நான் எழுதல. எழுதியிருந்தா பிப்ரவரியிலேயே தெரிஞ்சிருக்கும்."

அவன் படித்தான். அந்த ஒரு சொல்லைப் படிக்க அத்தனை நேரமா?

"ஏன்?"

"லேப்ல சிரிப்பாங்கன்னு."

"யாரைப் பாத்து?" காற்றுக் குரல், காதை நீட்டித்தான் கேட்க வேண்டியிருந்தது. "நானே ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிற விஷயம்தானேக்கா அது."

அவ்வளவுதான். எழுந்து உள்ளே போனான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவனுக்காக நான் வெட்கப்படவில்லை. எனக்காகத்தான். பாவி, எனக்காகத்தான்.

தம்பி மனைவி வாசல் வரை வந்தாள். அழவில்லை, கத்தவில்லை. "ஆஸ்பத்திரில உங்க கையைப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம். கொஞ்ச நாளைக்கு நீங்க வர வேண்டாம்" என்று கதவைச் சாத்தினாள். நியாயம்தான்.

டிசம்பர் 5

வேலைக்குப் போனேன், வந்தேன்.

டிசம்பர் 11

போன் செய்தேன். எடுக்கவில்லை.

டிசம்பர் 12

எடுக்கவில்லை.

டிசம்பர் 20

அம்மா மட்டும் அங்கே போய்வருகிறாள். மாத்திரையில் அவனுக்கு உள்ளங்கை எல்லாம் தோல் உரிகிறதாம். ஸ்பேனர் பிடிக்க முடியவில்லையாம். ஆனால் கழிப்பறைக்குப் போவது இரண்டு தடவையாகக் குறைந்துவிட்டதாம். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டேன், திரும்பவில்லை.

"உனக்கு இல்லன்னு வந்தப்ப எனக்கு சந்தோஷமா இருந்துச்சுடி. ஒரு நிமிஷம்தான். அது தப்பா?" என்றாள் அம்மா.

தப்பில்லை என்றேன். எத்தனை பேருக்குத்தான் நான் தீர்ப்புச் சொல்வது.

டிசம்பர் 31

செத்துப்போகலாம் போல இருந்தது இன்றைக்கு. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான். காலையில் எழுந்து பல் தேய்த்துவிட்டேன். டாக்டரம்மாவிடம் இதை வாய்விட்டுச் சொன்னேன். வீட்டுக்கு விடாமல் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டார். மனநல டாக்டர் ஒருவரிடம் அவரே கூட்டிக்கொண்டு போகிறாராம். சரி என்றேன்.

ஜனவரி 23, செவ்வாய்

வாலுவுக்கு இன்று ஆபரேஷன். எங்கள் ஆஸ்பத்திரியில்தான். நான் வார்டுப் பக்கம் போகவில்லை. வராதே என்றவர்கள் வா என்று இன்னும் சொல்லவில்லை.

மூன்றரை மணிக்கு வார்டு ஊழியர் ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். மருந்துத் தண்ணீருக்குள் அவள் தைராய்டு. இரண்டு அவரை விதைகளை ஒட்டிவைத்த மாதிரி, இத்தனூண்டு. என் சீனியர் பெயரைப் படித்துவிட்டு, "நீ போம்மா, நான் பண்றேன்" என்றார்.

"வேண்டாம் சார், நான்தான் பண்ணுவேன்" என்றேன். குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது போலிருக்கிறது. நகர்ந்துகொண்டார்.

ஜனவரி 25

முழுவதையும் வெட்டினேன். வழக்கமாகச் சில இடங்களில்தான் வெட்டுவோம். இதில் ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை. மெழுகில் பதித்துச் சீவி முப்பத்தெட்டு ஸ்லைடுகள். வெட்டும்போது ஓர் எண்ணமும் இல்லை, வேலை மட்டும்தான் இருந்தது.

தம்பிக்குப் புதுக் கால்சிடோனின் எண் வந்திருக்கிறது என்று அம்மா சொன்னாள். 1,140. ஏறுகிறது. மாத்திரையை மாற்றப் போகிறார்களாம்.

ஜனவரி 27, சனி

டாக்டரம்மா இரட்டை மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்து எதிர் நாற்காலியை எனக்குக் காட்டினார். முப்பத்தெட்டையும் பார்த்தோம். இரண்டு மணி நேரம். முடித்ததும் அவர் முதலிலிருந்து மறுபடி ஒரு தடவை பார்த்தார்.

"இந்தப் புத்து எதுல இருந்து கிளம்புமோ அந்த செல்லெல்லாம் பெருக ஆரம்பிச்சிருக்கு. ரெண்டு மூணு வருஷம் விட்டிருந்தா மாறியிருக்கும். இன்னும் புத்தா மாறல. பிள்ளைக்கு நேரத்துல எடுத்துட்டாங்க" என்றார். "வீட்டுக்கு நீங்களே சொல்லிடுங்க. ரிப்போர்ட் பின்னாடி வரட்டும்."

எடுக்கமாட்டான் என்று தெரிந்துதான் போன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான். ஹலோ சொல்லவில்லை. அந்தக் காற்று மட்டும் கேட்டது. நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை ஸ்லைடு, என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று.

"டாக்டரம்மா சொன்னதா?"

"ஆமா."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்டா. எல்லாத்தையும். ரெண்டு தடவை."

பின்னால் வாலு தண்ணீர் கேட்பது கேட்டது.

"நீ பாத்துட்டல்ல. அப்ப சரி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

மேஜையில் வார்டிலிருந்து வந்த டப்பாக்கள் ஐந்து இருந்தன. அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு, முதல் டப்பாவைத் திறந்தேன்.